சனிக்கிழமை மட்டும் விழும் பிரேக்கர்

இரும்பு கடையும் லேத்தை லாரியிலிருந்து இறக்கிய அன்றே அக்காவுக்கு அதைப் பிடிக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் பின்னால் தேங்காய் போட்டு வைக்கும் ஷெட்டை ஒழித்துக் கொடுத்தாள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ராஜ்கோட், கொச்சி, மஸ்கட் என்று பட்டறை பட்டறையாகச் சுற்றியவன். எந்த ஊரும் கொஞ்ச நாளில் காலை அரிக்கத் தொடங்கிவிடும். இனி ராஜாக்கமங்கலத்தை விட்டு எங்கும் போவதில்லை என்று சொன்னபோது அக்காள் நம்பவில்லை. நானும் முழுதாக நம்பவில்லை. துணிப்பையைப் பிரிக்காமலே கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தேன்.

வாரநாட்களில் ஒரு தொல்லையும் இல்லை. கீரிப்பாறைப் பக்கமிருந்து ரப்பர் ஷீட் அடிக்கும் உருளைகள் வரும். நாள் முழுக்க லேத் ஓடும். சனிக்கிழமை சாயங்காலம் மீன்பிடி வள்ளத்து எஞ்சின் ஷாஃப்டை மாட்டினால் மட்டும் வீட்டுக் கரண்ட் மொத்தமும் போய்விடும். பிரேக்கரைத் தூக்கிவிட்டால் கொஞ்சம் ஓடும், மறுபடி விழும்.

வள்ளக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. சனிக்கிழமை கரைக்கு வந்ததும் ஷாஃப்டைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வருவார்கள். திங்கள் விடியலில் வள்ளம் இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டிலிருந்து சத்தம் வரக்கூடாது என்பது அக்காவின் சட்டம். எனவே சனிக்கிழமையே முடித்தாக வேண்டும்.

சனிக்கிழமை என்றதும் எனக்கு இஸ்திரிப்பெட்டி ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் எல்லோரும் ஒரே கிறிஸ்தவ சபைக்காரர்கள். மறுநாள் கோயிலுக்குப் போக அன்று சாயங்காலம்தான் வீட்டுக்கு வீடு துணி தேய்ப்பார்கள். வோல்டேஜ் இறங்கும், மோட்டார் திணறும், பிரேக்கர் விழும். இதுதான் என் கணக்கு. லேத்துக்குத் தடித்த ஒயர் இழுத்தேன். பெல்ட்டைத் தளர்த்தினேன். பக்கத்து வீடுகளில் போய், மத்தியானமே தேய்த்துவிடக் கூடாதா என்றுகூடக் கேட்டேன். தெருவே சிரித்தது.

"லேத்துக்காரன் சட்டம் போட்டிருக்கான் கேட்டியா? இனி குளிக்கவும் அவன்கிட்ட கேக்கணும்" என்று எதிர்வீட்டு அம்மா மதிலுக்கு மேலிருந்து சொன்னாள்.

அக்காள் சிரிக்கவில்லை. அத்தான் துபாயில் இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம்தான் வீடியோவில் பேசுவார். கரண்ட் போனால் வைஃபையும் போகும், அத்தான் முகம் பாதிப் பேச்சில் உறைந்து நிற்கும்.

"எலே, இன்னொருக்க அவிய பேசும்போ கரண்டு போச்சுன்னா, ஒன் மெஷின ஆக்கர் கடையில எடைக்குப் போட்டிருவேன். நீயும் எங்க போணுமோ போ."

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. போக எனக்கும் தெரியும். கொச்சியில் ஒரு பட்டறைக்காரர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் இந்த முறை போனால் லேத் இல்லாமல் போக வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை கடியப்பட்டணத்து அண்ணன் ஒருவர் ஷாஃப்டோடு வந்தார். நுனியில் நட்டு ஏறும் மரை தேய்ந்திருந்தது. உரசாமல் இருக்க ஷாஃப்டை வலைத்துண்டில் சுற்றித் தோளில் கொண்டுவந்திருந்தார். எல்லா வள்ளக்காரர்களும் அப்படித்தான் கொண்டுவருவார்கள். நான் வலையை வழக்கம்போல லேத்தின் அடித்தட்டில் போட்டுவிட்டு ஷாஃப்டை மாட்டினேன். மரை பாதி வெட்டியிருப்பேன். லேத் நின்றது. வீட்டுக்குள் ஃபேனும் நின்றது.

"ஒன் லேத்துக்குக் கடல்காரனக் கண்டாலே ஆவாது போல, மக்கா" என்றார் அண்ணன்.

அக்காள் கையில் போனோடு பின்வாசலுக்கு வந்துவிட்டாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் முற்றத்தைப் பார்த்து வேறு திட்டு திட்டினாள்.

"பெருக்கி வச்ச முற்றம் பூரா வெள்ளச் சொட்டு! எங்கயிருந்து ஒழுகுது? போன வாரமும் இப்படித்தான், காஞ்சு வெள்ளையா உப்புப் பூத்துக் கெடந்துது."

கேட்டிலிருந்து ஷெட் வரை மணலில் சொட்டுச் சொட்டாக ஈரக்கோடு வந்திருந்தது. அது லேத்துக்கடியில் போய் முடிந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குனிந்தேன். தட்டில் கிடந்த வலையிலிருந்து கடல்தண்ணீர் வடிந்து, தட்டின் மூலையில் போல்ட் இல்லாத ஓட்டை வழியாகக் கீழே சொட்டியது. நேர் கீழே மோட்டார். ஒயர் சேரும் பெட்டியின் மூடி எப்போதோ உடைந்து, அட்டையால் மூடியிருந்தேன். அட்டை ஊறிப் போயிருந்தது. உள்ளே பச்சையாகக் களிம்பு.

உள்ளே போய் போர்டைப் பார்த்தேன். லேத்துக்கான சின்ன பிரேக்கர் விழாமல் நின்றுகொண்டிருந்தது. விழுந்தது மேலே உள்ள பெரியது. எல்லாச் சனிக்கிழமையும் அதுதான் விழுந்தது, நானும் அதைத்தான் தூக்கிவிட்டேன். கரண்ட் எங்காவது கசிந்தால் விழுகிற பிரேக்கர் அது, அத்தான் வீடு கட்டியபோது வைத்தது. மோட்டார் திணறியிருந்தால் சின்னது அல்லவா முதலில் விழுந்திருக்கும்? இஸ்திரிப்பெட்டிகளைச் சந்தேகப்பட்ட எனக்கு இது தோன்றவே இல்லை.

வலையை மாமரத்தில் தூக்கிப் போட்டேன். ஷாஃப்டைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவித் துடைத்தேன். பெரிய பிரேக்கரைத் தூக்கிவிட்டு, ஒயர்ப் பெட்டியைச் சுரண்டி, அக்காவின் தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கேட்டு வாங்கிக் காயவைத்தேன். பழைய டயர் ட்யூபை வெட்டி மூடி போட்டேன். பிறகு அந்த ஓட்டையை அடைக்க வேண்டியிருந்தது. போல்ட் எங்கே என்று யோசித்தால், துணிப்பையில். லாரியில் ஏற்றும்போது கழற்றிப் பையில் போட்டது. இறக்கியபோது மூன்றை மாட்டிவிட்டு, நாலாவதைத் தேடச் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன்.

பையைக் கட்டிலில் கவிழ்த்தேன். சட்டை, பேன்ட், பாஸ்போர்ட் எல்லாம் விழுந்தன. அக்காள் வாசலில் நின்று பார்த்தாள்.

"கெளம்பிட்டியா?" குரல் இறங்கியிருந்தது. "நான் ஏதோ ஆத்திரத்துல சொன்னேன்."

"போல்ட்டு தேடுகேன்" என்றேன்.

போல்ட் ஒரு காலுறைக்குள் கிடந்தது. முறுக்கி இறுக்கிவிட்டு லேத்தை ஓட்டினேன். மிச்ச மரையும் வெட்டி முடிந்தது. அண்ணன் நட்டைப் போட்டுச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினார்.

"அடுத்த தடவ ஷாஃப்டக் கழுவிட்டுக் கொண்டாங்க அண்ணே. வலைய வாசல்லயே போடணும்."

"கடல்ல கெடக்க சாமானத்துக்குக் குளிப்பு வேறயா? நீயே கழுவிக்க, மக்கா."

அவர் போன பிறகும் லேத்தைச் சும்மா ஓடவிட்டேன். பிரேக்கர் விழுமோ என்று கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வீட்டுக்குள் அத்தான் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு அக்காள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிப்பெட்டிக்கடியில் கிடந்தது, கட்டிலில் கொட்டியிருந்த என் சட்டை.