சொன்ன தேதியும் உண்மைத் தேதியும்

ப்ளவுஸ் தைக்கிற தொழில்ல துணி வெட்டப் பழகுறதுக்கு முன்னாடி, "எப்ப ரெடியாகும்?"ங்கிற கேள்விக்கு முகம் மாறாம பதில் சொல்லப் பழகணும். நான் மலேசியாவுல, குளுவாங்ல வீட்டு முன்னறையில மெஷின் போட்டுப் பொழைக்கிறவ. உங்க வாசல்லயும் யாராவது சேலைப் பையோட நின்னா, நம்ம ரெண்டு பேர் கஷ்டமும் ஒண்ணுதான்.

ஓசிக் கம்ப்யூட்டர்

என் ஆர்டரெல்லாம் வாட்சப் வாய்ஸ் மெசேஜ்லதான் கெடக்கும். பச்சை சேலை யாரோடதுன்னு கண்டுபிடிக்க ஊர்ப்பட்ட பேர் பேசினதை மறுபடி கேக்கணும். வெறுத்துப்போய், வீட்டுல சும்மா கெடந்த பழைய லேப்டாப்பைத் தொடச்சு, வீடியோ பாத்துப் பாத்து விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் ஏத்தினேன். ஆர்டருக்குக் கட்டம் கட்டமா எழுதுற லிப்ரே ஆபிஸ் ஷீட், ஞாபகப்படுத்த ஒரு காலண்டர், அளவு எழுத ஒரு நோட்ஸ். எல்லாமே இலவசம், யார் வேணும்னாலும் திறந்து பாத்துத் திருத்திக்கலாமாம்.

பின்னாடி நின்னு பாத்த என் வீட்டுக்காரர் கேட்டார்: "இது கெட்டுப்போனா யார்கிட்ட போய்ச் சண்ட போடுறது?"

தேதிக்கு முடிஞ்ச அதிசயம்

காலண்டர் மணி அடிச்சா நான் மெஷின்ல உக்காந்துடுவேன். பக்கத்து ஊர் பாலோவிலேர்ந்து வர்ற லட்சுமியக்கா ப்ளவுஸை அவங்க சொன்ன தேதிக்கே முடிச்சு, பெருமையா போன் போட்டேன். இத்தனை வருசத்துல அது முதல் தடவை. பாராட்டுவாங்கன்னு பாத்தேன்.

அவங்க பதறிப்போய்ச் சொன்னாங்க: "அலமாக், விசேஷம் அடுத்த வாரம்தான் லா. நீ எப்படியும் இழுத்தடிப்பேன்னு ஒரு வாரம் முன்னாடித் தேதியையில்ல சொன்னேன்."

இன்னொரு கட்டம்

விசாரிச்சா எல்லார் கதையும் அதேதான். எனக்கு ரோஷம் வந்துடுச்சு. ஷீட்டுல "உண்மைத் தேதி"ன்னு புதுசா ஒரு கட்டம் போட்டேன். யார் எந்தத் தேதி சொன்னாலும் அதுவே ஏழு நாளைக் கூட்டிக்கும். கூட்டின தேதிக்குத்தான் காலண்டர் மணி அடிக்கும். அவசரம் போச்சு, மத்தியானம் படுத்துக்கூட எந்திரிச்சேன்.

பெருமை தாங்காம, வாடிக்கையா வர்ற டீச்சர் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னேன். அவர் சிரிக்காம சொன்னார்: "ஒரு வாரமா? உங்களுக்கு நான் பத்து நாள் வச்சிருக்கேன்."

கவிதா வந்த சனிக்கிழமை

கவிதா புதுசு. சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில தாதி வேலை, லீவுக்குத்தான் குளுவாங் வருவா. ஞாயித்துக்கிழமை காலையில நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுல எடுத்துக் குடுத்த சேலையைத்தான் கட்டி உக்காரணும். சொன்னபடி சனிக்கிழமை மத்தியானம் ப்ளவுஸ் வாங்க வந்து நிக்கிறா. துணி குடுத்த மடிப்பு கலையாம கெடக்கு. அவளுக்கும் ஷீட்டு ஏழு நாளைக் கூட்டி வச்சிருக்கு.

மறைக்காம எல்லாத்தையும் சொன்னேன். அவ முகம் செத்துப்போச்சு, ஆனா ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு. "வெட்டுங்கக்கா"ன்னுட்டு பக்கத்துல உக்காந்துக்கிட்டா. நான் ப்ளவுஸ் கையைத் தைக்க, அவ ஊக்கு தைச்சா. நாளைக்கு மாலை போடப்போற பொண்ணு விரல்ல ஊசி குத்துறதைப் பாத்து எனக்கு அழுகையே வந்துடுச்சு. சாயங்காலம் போட்டுப் பாத்தா, அளவு அப்படியே பொருந்தியிருந்துச்சு.

வாசல் கேட் வரைக்கும் போனவ திரும்பி நின்னு சொன்னா: "உண்மைத் தேதியைச் சொன்னது என் தப்புக்கா. கல்யாண ப்ளவுஸும் உங்ககிட்டதான், ஆனா அதுக்குப் பொய்த் தேதிதான் சொல்லுவேன்."

அன்னைக்கே அந்தக் கட்டத்தை அழிச்சுட்டேன். இப்ப எல்லாருக்கும் சொன்ன தேதிக்கே ப்ளவுஸ் ரெடி, வாங்கிட்டுப் போகத்தான் ஒரு வாரத்துக்கு யாரும் வர்றதில்ல.