அடுப்புக்குள் போன உப்பு

உருக்கின நிக்கலைக் குழாய் மேல பீச்சி அடிக்கிற தொழில்ல, நாள் முழுக்க முகமூடிக்குள்ளயே காலம் போயிருமுங்க. வெளியூர்ல ஒத்தையாக் கிடந்து வேலை பார்த்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. எழுபதுகள்ல கோயமுத்தூர்ப் பட்டறை ஒண்ணு என்னைப் பள்ளிவாசல்ங்கற மலையூர்ப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரிக்கு அனுப்பிச்சுது. இலையை உலர்த்தற விறகடுப்போட குழாயெல்லாம் அரிச்சுப் போகாம இருக்க நிக்கல் பூச்சு அடிக்கோணும்.

முகம்

காலித் தேயிலைப் பெட்டி அடுக்கற அறையில படுக்கை. மூணு வாரம் முகமூடியோட வேலை. ஆபீஸ் கிளார்க்கு தினமும் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். நானும் ஒரு ஆள் பழக்கமாயிட்டார்னு சந்தோஷப்பட்டேன்.

ஞாயித்துக்கிழமை குளிச்சு, சட்டை மாத்தி, அவர் முன்னாடி போய்ச் சிரிச்சேன். மேலயும் கீழயும் பார்த்துட்டுக் கேட்டார்: "யாரைப் பாக்க வந்திய? இன்னைக்கு ஆபீசு லீவுல்லா."

தீப்பெட்டியில போன செதில்

அடிச்ச பூச்சு ரெண்டே மாசத்துல உரிஞ்சுது. மறுபடி அடிச்சேன். அதுவும் உரிஞ்சுது. செதிலுக்கு அடியில பச்சையா ஏதோ பூத்திருந்துச்சு. ஒரு தீப்பெட்டியில போட்டுப் பட்டறைக்கு அனுப்பினேன்.

சோதிச்சுப் பார்த்தா குளோரின். அந்தச் சூட்டுல அது பூச்சுக்கு அடியில பூந்து நிக்கலைத் தின்னுருமாம். நாலு மாசத்துல எனக்கு வந்த ஒரே கடுதாசி முதலாளி எழுதினதுதான்: "உப்புல இருக்கிற சாமான் இது. மலை மேல ஏதுங்க கடல்? இன்னொருக்கா உரிஞ்சா பட்டறைப் பக்கம் வர வேண்டாம்."

விறகு ருசி

வேலை போனா எனக்கு வேற கைத்தொழில் தெரியாது. பயந்து போயிட்டேன். உப்பு விறகுல இருக்குமோன்னு சந்தேகம். மூணாவது பூச்சு அடிக்கறதுக்கு முந்தி, விறகுக் கொட்டகையில உக்காந்து ஒவ்வொரு கட்டையா நக்கிப் பார்த்தேன். துவர்ப்புத்தான் இருந்துச்சு.

நிமிர்ந்தா ஃபேக்டரிப் பொறுப்பாளர் டீமேக்கர் நிக்கறார். ரொம்ப நேரமாப் பார்த்துட்டிருந்திருப்பார் போல. மெதுவாச் சொன்னார்: "ஒரு தடவை வீட்டுக்குப் போயிட்டு வாங்க, மாஸ்டர். தனியா இருந்தா இப்படித்தான்."

ஒரு படி கல்லுப்பு

மூணாவது பூச்சு முடிஞ்சு, வெள்ளிக்கிழமை விடியக்காலையில அடுப்புப் பத்த வெச்சாங்க. எப்பவும் அந்நேரம் நான் அறையில அசந்து தூங்குவேன். அன்னிக்குப் பக்கத்துலயே நின்னேன். விறகு தள்ளற சுடலைமுத்து ஒரு படி கல்லுப்பும் மிளகாயும் கொண்டாந்து, அடுப்பு வாயை மூணு சுத்துச் சுத்தி, அத்தனையையும் உள்ள கொட்டினார்.

அவர் கையைப் பிடிச்சேன். எத்தனை நாளா இதுன்னு கேட்டேன்.

"நீங்க பளபளன்னு பூசின நாள்லேருந்து தெனமும்தான், அண்ணாச்சி. முதல்ல ஒரு கைதான் போட்டேன். உரிஞ்சதும், கண்ணு பலமா விழுந்திருக்குன்னு படியாக்கிட்டேன்."

கெட்ட கோபம் வந்துச்சு. திட்ட வாயைத் திறக்கறதுக்குள்ள, மடியிலேருந்து இன்னொரு கை உப்பை எடுத்து என் தலையைச் சுத்தி அதையும் அடுப்புல போட்டார். இது எதுக்குன்னு கத்தினேன். அவர் நிதானமா, "இதையும் தெனம் உங்க அறை வாசல்ல நின்னு சுத்துவேன். மத்தவங்களுக்கு வீட்டுல ஆள் இருக்கு. உங்களுக்கு யாரு இருக்கா, அண்ணாச்சி?" அப்படின்னார்.

அழுகை வந்துருச்சுங்க. முகமூடியை மாட்டிட்டேன். அதுக்குள்ள இருந்தே, சுத்தின உப்பை இனிமே ஓடைத் தண்ணியில கரைச்சுருங்கன்னு சொன்னேன். அவரும் அப்படியே செஞ்சார்.

மூணாவது பூச்சு ரெண்டு மாசம் தாண்டியும் உரியவே இல்லை, முதலாளி பாராட்டி உடனே கோயமுத்தூருக்குக் கூப்பிட்டுக்கிட்டார், எனக்கு உப்புச் சுத்திப் போட அதுக்கப்புறம் ஒரு ஆளும் அமையலைங்க.