வயல் வெடித்த பிசானம்

அப்பாவின் கைப்பேசியைக் காதில் வைத்தால் தோல் ஒட்டும் பசையின் நெடிதான் முதலில் வரும். அதற்குப் பிறகே அத்தையின் குரல் வரும். தாராவியில் தோல்பை "கார்கானா" ஒன்றில் வேலை பார்த்த அப்பா, திருநெல்வேலிப் பக்கம் தனியாக இருந்து எங்கள் வயலைப் பார்த்துக்கொண்ட தன் அக்காவிடம் ஞாயிறுதோறும் பேசுவார். அங்கே விளைந்த அரிசியைத்தான் நாங்கள் வருஷம் முழுக்கச் சாப்பிட்டோம்.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. குளம் பெருகவில்லை, கிணறு மட்டுமே கதி. "பிசானம்" என்று ஊரில் சொல்லும் அந்தப் பருவத்து நெல்லை அத்தை புது முறையில் நட்டாள். முற்றிய நாற்றைக் கொத்தாக நடாமல், இளநாற்றை ஒவ்வொன்றாக, கயிறு பிடித்து, சாண் இடைவெளி விட்டு நட்டாள். தண்ணீரையும் தேக்கவில்லை; மண்ணில் மயிரிழை போல வெடிப்பு விட்ட பிறகே மோட்டாரைப் போடுவாள்.

"தண்ணி நிக்காத வயலு வயலாக்கா?" என்று அப்பா கேட்பார்.

"கெணத்துத் தண்ணி கதிரு வரைக்கும் வரணும்லே. இப்பமே கொட்டித் தீத்துட்டா பொறவு எதைப் பாய்ச்ச?" என்பாள் அத்தை.

ஒரு காலையில், "வெடிச்சிருச்சா?" என்று அப்பா போனில் கேட்டது என் காதில் விழுந்தது. ரயில் பெட்டிகளில் குண்டு வெடித்த நகரத்தில் வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் தெரியாது. காட்கோபருக்கு வீட்டுவேலை செய்ய "லோக்கல்" ரயில் பிடிக்கக் கிளம்பிய அம்மாவின் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"மண்ணுதாம்ட்டி வெடிச்சிருக்கு," என்றாள் அம்மா. ஆனால் அவள் முகமும் தெளியவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. முந்தின வருஷம், பயிர் கருகியதைத் தாங்காமல் பக்கத்து வயல்காரர் பூச்சிமருந்து குடித்துச் செத்திருந்தார். அப்பா அதைப் பற்றிப் பேசமாட்டார்; சாப்பிடும்போது பாதியில் கை நின்றுவிடும், அவ்வளவுதான்.

கதிர் உள்ளுக்குள் திரண்டு பயிர் பொதி கட்டும் சமயம் வந்தது. இனிமேல் வயல் காயவே கூடாது என்று அத்தையே சொல்லியிருந்தாள். அப்போது பார்த்து அவள் போன் அணைந்துபோனது. அப்பா திரும்பத் திரும்ப எண்ணை அழுத்தினார். பகலில் ஒருநாளும் வீட்டுக்கு வராதவர், கார்கானாவிலிருந்து மத்தியானமே வந்து, தண்ணீர் டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"மைனி அப்படிப்பட்டவுக இல்ல," என்றாள் அம்மா.

"அவனும் அப்படிப்பட்டவன் இல்ல," என்றார் அப்பா.

அம்மா அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. எனக்குப் பசித்தது, கேட்கப் பயமாக இருந்தது.

பொழுது சாயும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்த அப்பா, "இருக்கியாக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"கரண்டுக் கம்பம் சாஞ்சு கெடக்குலே. போன்ல சார்ஜ் இல்ல. வயலு வெரலு போகுத அளவுக்கு வெடிச்சிட்டு. ஆனா கெணத்துல தண்ணி கெடக்கு. கரண்டு வந்தா பொழைச்சிரும்."

மறுநாள் கரண்டு வந்தது. வயல் நிறையத் தண்ணீர் தேக்கியவர்களின் கிணறுகளில் அப்போது சேறுதான் இருந்தது; அத்தை கடைசிவரை பாய்ச்சினாள். ஒரு மூலை பதராகிப் போனாலும், தை கழிந்து அரிசி மூட்டை தாராவிக்கு வந்து சேர்ந்தது. அன்று அப்பா தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார், கை நிற்கவில்லை.

அப்பா இன்று இல்லை. எங்கள் அறை இருந்த குறுகலான தெருவையும் இடித்துவிட்டார்கள். ஒற்றை நாற்று நடக் கைப்பழக்கமுள்ள பெண்கள் மில் வேலைக்குப் போய்விட்டதால், அத்தையும் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டாள். அதே நகரத்தின் முலுண்டில் நான் அரிசியைக் கடையில் வாங்குகிறேன். அதை நட்டவர் யார், அதற்காக எந்தக் கிணறு வற்றியது, யாருடைய போன் அணைந்து எந்த வீடு அடுப்பெரியாமல் கிடந்தது என்று எனக்குத் தெரியாது. சோறு மட்டும் வெந்துவிடுகிறது.