பெடல் மேலே வரவில்லை

என் ஷெட்டில் இரண்டடி நீளத்துக்கு ஒரு வேப்பங்கம்பு இருக்கிறது. கிளச் பெடலை அமுக்கி, கம்பின் ஒரு முனையை அதில் கொடுத்து, மறுமுனையை டிரைவர் சீட்டுக்கு முட்டுக் கொடுத்தால் பெடல் அப்படியே நிற்கும். பிறகு நான் காருக்கு அடியில் போவேன். ஒவ்வொரு தடவையும் வெளியே வந்து கம்பை எடுக்க வேண்டும், மறுபடி கொடுக்க வேண்டும், மறுபடி அடியில் நுழைய வேண்டும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். "ஒரு ஆளக் கூப்பிட்டு சவிட்டச் சொன்னா அஞ்சு நிமிசத்துல தீருமே மக்கா" என்பார்கள். ஆள் வேண்டாம் என்றுதான் அந்தக் கம்பை வெட்டினேன்.

அண்ணன் இருந்தபோது அவன்தான் காலால் பெடலைச் சவிட்டுவான். அஞ்சுகிராமம் ரோட்டில் இந்த ஷெட்டைப் போட்டது அவன். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனோடு சேர்ந்துகொண்டேன். கிளச் மாஸ்டர் சிலிண்டர் மாற்றினால் ஆயில் பைப்புக்குள் காற்று நின்றுவிடும். அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். மேலே இருப்பவன் பெடலை நாலு தடவை சவிட்டி, கடைசியில் அமுக்கிப் பிடிக்க வேண்டும். கீழே கிடப்பவன் பைப்பின் முனையில் உள்ள சின்னத் திருகான நிப்பிளைத் திறப்பான். காற்றும் ஆயிலும் குமிழியாக வெளியே வரும். அதை மூடிவிட்டு "விடு" என்பான். மேலே இருப்பவன் காலை எடுப்பான். இப்படிக் காற்று தீரும்வரைக்கும். கீழே கிடப்பவனுக்கு மேலே உள்ளவன் முகம் தெரியாது. குரல் மட்டும்தான்.

அண்ணனுக்கு இதில் ஒரு விளையாட்டு உண்டு. நான் "விடு" என்றால் விடமாட்டான். "மொதலாளி, விடுங்கன்னு சொல்லுலே" என்பான். சொல்லாமல் காலை எடுக்கமாட்டான். நான் முகத்தில் ஆயில் சொட்டச் சொட்டக் கிடப்பேன். "எனக்கென்ன, நான் சீட்டுல சாஞ்சு இருக்கேன். கழுத்து ஒனக்குத்தான் கடுக்கும்" என்பான். சில நாள் பேசவே மாட்டான், சும்மா பிடித்துக்கொண்டு இருப்பான். கடைசியில் நான்தான் தோற்பேன். சொன்னதும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கும், பெடல் டக்கென்று மேலே வரும்.

அன்றைக்கு வந்தது தோவாளைப் பூ வியாபாரி ஒருவரின் பழைய கார். சீட்டுக்கு அடியிலெல்லாம் காய்ந்த பிச்சிப்பூ. சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து, ஆயில் பெடல் வழியாக வழிந்து மேட் நனைந்திருந்தது. அண்ணன் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடந்து பழைய சிலிண்டரைக் கழற்றினான். புதியதை மாட்டி எழுந்தபோது இடது கையை நீவிக்கொண்டு "கை கடுக்குலே" என்றான். அப்படிக் கிடந்தால் யாருக்குத்தான் கடுக்காது என்று நினைத்துக்கொண்டு நான் அடியில் போனேன்.

மூன்று தடவை ஒழுங்காக விட்டான். நாலாவது தடவை நான் "விடு" என்றேன். விடவில்லை. நான் சிரித்தேன். இன்றைக்கு நான் சொல்வதில்லை, பார்ப்போம் என்று பேசாமல் கிடந்தேன். பகல் பதினோரு மணி. ரோட்டில் ஒரு பஸ் நின்று ஆள் இறக்கிவிட்டுப் போனது. இன்னொரு பஸ் போனது. நான் வாயைத் திறக்கவில்லை. அவனும் திறக்கவில்லை. பத்து நிமிடம் இருக்கும். கூடவும் இருக்கலாம். கழுத்து தாங்காமல்தான் கடைசியில் சொன்னேன்: "மொதலாளி, விடுங்க."

பெடல் மேலே வரவில்லை.

வெளியே வந்து பார்த்தேன். அண்ணன் கதவுக் கண்ணாடியில் தலையைச் சாய்த்து இருந்தான். கால் பாரத்திலேயே பெடல் கீழே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் "எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டார். "உடனே கொண்டு வந்துட்டோம்" என்றேன். அந்தப் பத்து நிமிடம் வீணாகாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மைனி, அண்ணனின் மனைவி, பிடித்துக்கொண்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் "தம்பி கூட இருந்ததுனால உடனே கொண்டு போனான். நம்மளால ஆனதச் செய்தோம்" என்றாள். அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவள் எழுந்து நடமாடினாள். ஒவ்வொரு தடவையும் நான் தலையாட்டினேன்.

ஒரு வருடம் கழித்து, மதியச் சோறு கொண்டு வந்த மைனி நான் கம்பை வைத்துக்கொண்டு அல்லாடுவதைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். நான் வேண்டாம் என்றேன்.

"கம்பு செய்யுத வேலைய நான் செய்ய மாட்டனா? நீ கீழ போ."

சவிட்டிப் பிடித்தாள். நிப்பிளை மூடிவிட்டு "விடுங்க மைனி" என்றேன். பெடல் உடனே மேலே வந்தது. என் கையிலிருந்து ஸ்பானர் விழுந்தது. அதை எடுக்க முடியவில்லை.

"என்ன மக்கா, அழுதியா?"

அவள் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். காருக்கு அடியில் கிடந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மொதலாளி விளையாட்டு, இரண்டு பஸ், டாக்டரிடம் சொன்ன பொய். அவள் சீட்டில் இருந்தபடியே கேட்டாள்.

"அங்க கெடந்தா அவருக்க மொகம் தெரியாதா?"

"தெரியாது மைனி."

"காலு?"

"அதுவும் தெரியாது."

"அப்பம் அவரு தனியாத்தான் இருந்திருக்காரு."

"நான் கீழதான் கெடந்தேன் மைனி."

அவள் இறங்கினாள். செருப்பைத் தேடும் அவள் பாதங்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. செருப்பு பக்கத்திலேயே கிடந்தும் அவளுக்கு அகப்படவில்லை.

"அத்தைகிட்டச் சொல்லாண்டாம். அவிய தாங்க மாட்டாவ" என்றாள். அம்மாவைத்தான் சொன்னாள். பிறகு போய்விட்டாள்.

சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்தேன். எனக்குக் குறையவில்லை. அவள் இப்போது யாரிடமும் 'உடனே' என்று சொல்வதில்லை. சோறு மட்டும் தவறாமல் கொண்டு வருகிறாள். ஆனால் முன்புபோல நேரே உள்ளே வருவதில்லை. வாசலில் நின்று "மக்கா" என்று கூப்பிடுகிறாள். என் குரல் கேட்கும்வரை அங்கேயே நிற்கிறாள். எந்தக் காருக்கு அடியில், எந்த வேலையில் இருந்தாலும், நான் உடனே பதில் சொல்லிவிடுகிறேன்.