பச்சை விளக்குக்குப் பின்னால் விக்டர் அண்ணாச்சி

விக்டர் அண்ணாச்சி காலமானார் என்று அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் என்னை அழைத்துச் சொன்னபோது காலை பத்து மணி. என் கணினித் திரையில் அவர் பெயருக்கு அருகே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பணியில் இருக்கிறார் என்பது அதன் பொருள். உயிர் முந்தைய நாளே பிரிந்துவிட்டது என்றார் மருத்துவர்.

துறைமுகத்தை ஒட்டி நம் கப்பல் முகவர் அலுவலகம் இயங்கிய நாள்களை அறிந்த உங்களுக்கு அவருடைய குரல் மறந்திருக்காது. அவர் வாய்விட்டு வாசிக்காமல் எந்தச் சரக்குச் சீட்டும் வெளியே போனதில்லை. எண்களைக் கடைசி இலக்கத்திலிருந்து வாசிப்பார். எதிரே அமர்ந்து டிக் அடிப்பவள் நான். "ஏளா, நேரா வாசிச்சா கண்ணு ஏமாத்தும். பின்னாலருந்து வாசிச்சா முழிச்சிக்கிடும்" என்பார்.

பிறகு அலுவலகத்தை மூடி, எங்கள் அறுவரையும் வீட்டிலிருந்து பணியாற்றப் பணித்தார்கள். கல்லூரி வாசலை மிதிக்காமல் சுங்க விதிகளைத் தானே கற்றுத் தேறிய நான் பொறுப்பாளரானேன். முதல் வாரமே அண்ணாச்சி அழைத்தார்.

"ஃபோன்லயாவது நான் வாசிக்கேன், நீ கேளுளா."

"கம்ப்யூட்டரே சரிபாக்குது அண்ணாச்சி. எதுன்னாலும் எழுதி அனுப்புங்க."

"போளா, பெரிய ஆபீசர். நான் செவுத்தப் பாத்து வாசிச்சா, செவுரு டிக் அடிக்குமாக்கும்?"

இருவரும் சிரித்தோம். அதன்பின் அவர் அழைக்கவில்லை.

அவருடைய மடல்கள் சுருங்கின. ஆறு வரி ஒரு வரியாகி, ஒரு வரி 'சரி' என்ற ஒற்றைச் சொல்லாகியது. கூட்டங்களில் அவர் முகம் மறைந்தது. 'குறை கூறாத ஊழியர்' என்று ஆண்டு மதிப்பீட்டில் எழுதினேன். அந்தச் சொற்றொடரில் எனக்குப் பெருமையும் இருந்தது. ஒருநாள் அவர் அனுப்பிய சீட்டில் கண்டெய்னர் சீல் எண்ணின் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. கணினி அதைக் காணவில்லை. அவர் கையில் அப்படியொரு பிழையை நான் கண்டதே இல்லை. சங்கடப்படுத்த வேண்டாமென்று நானே திருத்தி அனுப்பினேன். ஏன் என்று கேட்கவில்லை.

செய்தி வந்த அன்று அவர் வீட்டுக்குச் சென்றேன். ஒரே மகன் கப்பல் வேலையில், நடுக்கடலில் இருந்தான். மேசையில், அண்ணாச்சியின் கைக்கடிகாரத்தின் மீது மவுஸ் வைக்கப்பட்டிருந்தது. கீழே நொடிமுள் நகர நகர, திரையில் அம்புக்குறி நடுங்கியது. பச்சை விளக்கை அணையவிடாமல் காத்தது அதுதான். எத்தனை நாள்களாக அப்படி என்று நான் அறியேன்.

தனிமைதான் அவர் இதயத்தை நிறுத்தியது என்று கூற நான் மருத்துவம் கற்றவள் அல்லள். வேலையை விட்டு அவர் மனத்தால் முன்பே எழுந்து போயிருந்தார். அதற்கு நான் சாட்சி.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஓர் அச்சம். சென்ற வாரம், புதுக்கோட்டையில் தனியே தங்கிப் பணியாற்றும் நம் ஜெபா, நான் எழுதிய நீண்ட மடலுக்கு ஒற்றைச் சொல்லில் விடையளித்தாள். மறுமொழி எழுதாமல் பேருந்து ஏறினேன். நண்பகலிலும் சன்னல்கள் சாத்தியிருந்தன. வெகுநேரம் தட்டிய பிறகே கதவு திறந்தது. "அக்கா" என்ற அவள் குரல் கரகரத்தது.

"ஏளா, தொண்ட கட்டிருச்சா?" என்றேன்.

"இல்லக்கா," என்றாள். "பேசி நாலு நாளாச்சு."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.