கொடியைச் சுற்றி வந்த அத்தை

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள் வீட்டைப் பார்ப்பார்கள், கிணற்றைப் பார்ப்பார்கள், கறவை மாடு இருந்தால் அதையும் ஒருமுறை தடவிப் பார்ப்பார்கள். நாங்கள் கோல்ஃப் மைதானம் பார்க்கப் போனோம். எனக்கு அப்போது எட்டு வயது. மாப்பிள்ளை விஷயம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. பெரிய பார்க்குக்கு டூர் போகிறோம் என்றார்கள், எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில், வாடகைக்கு விடும் அறைகள் சில எங்களுக்கு இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டது என் அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணமான மறுவருஷமே கணவனை லாரிக்குப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள். பெட்ஷீட் துவைப்பது, வெள்ளைக்காரர்களுக்கு வெந்நீர் கொண்டுபோவது, பௌர்ணமிக்கு மலை சுற்றுவது, ராத்திரி என்னை அணைத்துக்கொண்டு தூங்குவது. அவள் வாழ்க்கையில் வேறொன்றும் நடக்காது என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

குளிர்காலம்தோறும் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து தங்குவார். மனைவி இறந்துவிட்டாள், மகன் வெளிநாட்டில். காலையில் தியானம், மாலையில் பின்பக்கத்துக் காலி மனையில் கோல்ஃப். பந்து பறந்து வந்து மொட்டைமாடியில் காயும் பெட்ஷீட்டுகளுக்குள் விழும். அத்தை முதலில் திட்டினாள், பிறகு பொறுக்கிக் கொடுத்தாள், பிறகு ஒருநாள் மட்டையை வாங்கி அவளே ஓர் அடி அடித்தாள். பந்து மதிலைத் தாண்டிப் போய் யாரோ ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் விழுந்தது. அதற்கடுத்த மார்கழியில் அவர் அப்பாவிடம் நேராகவே பெண் கேட்டுவிட்டார்.

அம்மாவுக்கு உடனே சம்மதம். அப்பாவுக்குத்தான் கீழ்பென்னாத்தூர்ச் சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா" என்று சுவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை ஒரே பேச்சில் முடித்துவிட்டாளாம்.

"அண்ணன் சரின்னா சரி, வேணாம்னா வேணாம். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

பொங்கல் வந்து போயிற்று. அப்பா வாயைத் திறக்கவில்லை. கடைசியில், முறைப்படி மாப்பிள்ளை வீட்டையாவது பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். பெங்களூர்க்காரரோ, தன் ஃப்ளாட் பூட்டியே கிடக்கிறது, அதில் பார்க்க ஒன்றுமில்லை, தான் பாதிநாள் இருக்கும் இடத்துக்கு வாருங்கள் என்று தன்னுடைய கோல்ஃப் மைதானத்துக்கு அழைத்துவிட்டார். உறுப்பினர்கள் மட்டுமே ஆடும் இடம். விருந்தாளியாக அத்தையும் ஒரு சுற்று ஆடலாம் என்றார்.

வெறுங்கையோடு போகக்கூடாது என்று அம்மா ஒயர்கூடை நிறைய ஆப்பிளும் வாழைப்பழமும் மல்லிகைச் சரமும் எடுத்துக்கொண்டாள். கேட்டில் செக்யூரிட்டி கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு, "உள்ள கோயில் எதுவும் இல்லைங்களே மேடம்" என்றார். வேட்டி கூடாது என்று முன்பே சொல்லியிருந்ததால் அப்பா தன் கல்யாண ரிசப்ஷன் பேண்ட்டுக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். காலர் சட்டை, ஷூ என்று ஆண்களுக்கு ஏகப்பட்ட விதிகள். சேலைக்கு ஒரு விதியும் எழுதவில்லை. சேலை கட்டிக்கொண்டு ஒருத்தி ஆட வருவாள் என்று அவர்களுக்குத் தோன்றியே இருக்காது. அத்தை பச்சைச் சுங்குடிக்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ தெரிய இறங்கினாள்.

உள்ளே போனோம். பனி இன்னும் விலகவில்லை. பாறையும் முள்ளும் பார்த்து வளர்ந்த எனக்கு, கண்ணுக்கு எட்டியவரை புல் மட்டுமே இருந்த அந்த இடம், எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டது போலிருந்தது. எங்கோ தண்ணீர் பீய்ச்சும் சத்தம். கொக்குகள் எங்களைக் கண்டுகொள்ளாமல் நடந்தன. அத்தை அடிப்பாள், பந்து பனிக்குள் போய்க் காணாமல் போகும். அது போன திசையில் எல்லோரும் மெதுவாக நடப்போம். கிடந்த இடத்திலிருந்து மறுபடி அடிப்பாள். யாரும் கத்தவில்லை, யாரும் ஓடவில்லை. நேரமே போகாத மாதிரியும் இருந்தது, நெடுநேரம் போய்விட்ட மாதிரியும் இருந்தது. அப்பா மட்டும் அம்மாவோடு பேட்டரி வண்டியில் உம்மென்று பின்னால் வந்துகொண்டிருந்தார்.

குழி இருக்கும் இடத்தில் புல்லை ஒட்ட வெட்டி, கழுவிவிட்ட கூடம் மாதிரி வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு கொடி. அத்தை ஓரத்தில் நின்று கொஞ்சநேரம் பார்த்தாள். குனிந்து ஷூவைக் கழற்றி வைத்தாள். அப்புறம் கொடியை வலப்பக்கமாக வைத்துக்கொண்டு மெல்லச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். எங்கள் ஊர்க்காரர்களோடு இது ஒரு தொல்லை. மலையைச் சுற்றிப் பழகிய கால், நடுவில் ஏதாவது தனியாக நின்றால் சும்மா விடாது.

மட்டைப் பையைத் தூக்கி வந்தவர், மேடம் பந்து உருளும் மேடுபள்ளம் பார்க்கிறார்கள் என்று மெச்சினார். பின்னால் காத்திருந்த கோஷ்டியில் ஒருவர் வாட்சைப் பார்த்து ஏதோ சொன்னார். பெங்களூர்க்காரர் அவர்களை நோக்கிக் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு தன் ஷூவைக் கழற்றினார், சாக்ஸையும் கழற்றி அதற்குள் திணித்தார், அத்தைக்குப் பின்னால் இரண்டடி தள்ளி அவரும் சுற்றினார். அத்தை திரும்பிப் பார்த்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதே இல்லை. அப்பா கேட்டும் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

சுற்றி முடித்து அத்தை பந்தைத் தட்டினாள். அது குழியின் விளிம்புவரை போய், என்ன நினைத்ததோ, விலகி நின்றுவிட்டது.

வண்டியைத் திரும்பிப் பார்த்தால் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பந்து விழாததற்கா இப்படி என்று எனக்கு ரொம்பப் பாவமாகிவிட்டது. ஓடிப்போய், "வுடுப்பா, அடுத்த குழில அத்தை போட்டுடும்" என்றேன்.

அப்பா என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தைகிட்ட போய், அண்ணனுக்குச் சம்மதம்னு சொல்லும்மா" என்றார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

எதற்குச் சம்மதம் என்று நான் கேட்கவில்லை. அடுத்த குழிக்குப் போகத்தான் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். "அத்தை, அண்ணனுக்குச் சம்மதமாம்" என்றேன்.

அத்தை கையிலிருந்த மட்டை நழுவியது. அப்படியே புல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவர் பக்கத்தில் வெறுங்காலோடு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். இத்தனை பெரியவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஷூ இல்லாமல் நடந்தால் முள் குத்தாதா? நான் அத்தையின் பாதத்தை எடுத்து என் மடியில் வைத்து, விரலிடுக்கெல்லாம் தேடினேன். ஈரப்புல்தான் ஒட்டியிருந்தது.

"ரொம்ப வலிக்குதா அத்தை?"

"ஆமாண்டி கண்ணு" என்று என்னை இழுத்து இறுக்கிக்கொண்டாள். எங்கே என்று எத்தனை தடவை கேட்டும் அவள் சொல்லவில்லை.