நைட் ஷிஃப்ட் குழுவின் லீட் கித்தார்

பெங்களூர் போகும் காலை ரயிலில் தினமும் எதிரே உட்காரும் ஐ.டி. இளைஞர் போன வாரம் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். நானும் ஒரு காலத்தில் மேடையேறியவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். உலகம் கவனிக்கத் தவறிய ராக், ப்ளூஸ் கித்தார் கலைஞர்கள் என்று ஒரு பட்டியல். ஒவ்வொருவருக்கும் ஒரு படம், பத்து வரி வாழ்க்கைக் குறிப்பு, கேட்டுப் பார்க்க இரண்டு மூன்று பாட்டுகள். கவனிக்கப்படாதவர்களுக்கே இவ்வளவு வசதி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இதில் ஒன்றும் கிடையாது. பங்காருப்பேட்டை வந்ததும் வடைக்காரர் ஏறினார், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அந்த இளைஞரிடம் சொல்ல விட்டுப்போனதை உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நான் கோலார் தங்கவயலில் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பாவும் அதே தொழிற்சாலைக்காகத்தான் சேலத்திலிருந்து வந்தவர். எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் சாம்பியன் ரீஃப் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் இடையே சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். ஆனால் கல்யாணப் பத்திரிகைகள் அந்தத் தூரத்தைத் தாண்டியதாக நினைவில்லை. நான் தாண்டியதற்குக் காரணம் பேஸ் கித்தார். ஆறு கம்பிக்குப் பதில் நாலு கம்பி, சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு வாங்கினேன். கணக்கில் எனக்கு எப்போதும் ஐம்பதுக்கு மேல் வந்ததில்லை.

குழுவின் பெயர் நைட் ஷிஃப்ட். எங்களில் ஒருவருக்கும் நைட் ஷிஃப்ட் கிடையாது. பாடகன் டெரிக், சுரங்கக் கம்பெனி ஸ்டோர்ஸில் இருந்த ஆங்கிலோ இந்தியன். பெயர் அவனுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். டிரம்ஸ் வாசித்த பால்ராஜ் எலக்ட்ரீஷியன். எங்கள் ஆம்ப்ளிஃபயரை அவர்தான் வெடிமருந்து வந்த ஒரு மரப்பெட்டிக்குள் கட்டியிருந்தார். பெட்டியின் பக்கவாட்டில் 'அபாயம்' என்ற எழுத்து அப்படியே இருந்தது. எங்கள் வாசிப்பைக் கேட்டவர்கள் அது எங்களைப் பற்றிய எச்சரிக்கை என்று சொல்வார்கள். லீட் கித்தார் வாசித்தவர் துபாய்க்கு விமானம் ஏறியபிறகு அந்த எச்சரிக்கைக்கும் தேவையில்லாமல் போனது.

ஒருநாள் சாயங்காலம் டெரிக் மூச்சிரைக்க வந்தான். லைன் வீடுகள் வழியாக வரும்போது ஒரு வீட்டுக்குள் அருமையான ப்ளூஸ் கேசட் ஓடிக்கொண்டிருந்ததாம். இரவல் கேட்கலாமென்று கதவைத் தட்டியிருக்கிறான். கதவைத் திறந்த பெண்ணின் புடவை மேல் கித்தார் வார் குறுக்கே கிடந்தது.

“கேசட்டு இல்ல. நான்தான் வாசிச்சேன். இன்னா வோணும்?”

“நான் அங்கயே ஃபினிஷ் மேன்” என்றான் டெரிக்.

மல்லிகாக்காவை நான் அறிந்தது அப்படித்தான். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். சுரங்கக் கம்பெனியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். குடியாத்தம் பக்கத்திலிருந்து முப்பாட்டன் காலத்தில் சுரங்கத்துக்கு வந்த குடும்பம். கித்தார் அவருடைய அண்ணன் வாங்கியது. விரல் வலிக்கிறதென்று ஒரு மாதத்தில் பீரோ மேலே தூக்கிப் போட்டுவிட்டான். கீழே இறக்கியவர் இவர். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேகமான இடங்களை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டேன். டேப் ரெக்கார்டருக்குத் தீரப்போகிற பேட்டரியைப் போட்டுக் கேட்பாராம். பேட்டரி இறங்க இறங்கப் பாட்டு மெதுவாகும். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழும். எல்லோர் வீட்டிலும் தீர்ந்த பேட்டரியை வெயிலில் வைத்து உயிர் கொடுப்பார்கள். மல்லிகாக்கா வீட்டில் அரை உயிர் பேட்டரிகளுக்கென்று ஜன்னலில் ஒரு பவுடர் டப்பா இருந்தது, புதுசாக யாரும் கொண்டுவந்தால் கோபம் வரும்.

இதில் ஒரு சிக்கல். பேட்டரி இறங்கினால் சுருதியும் இறங்கும். அவர் கற்றதெல்லாம் கீழ்ச் சுருதியில். டெரிக் முதல்நாள் பாடும்போது அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. ஒரு வாரம் முணுமுணுத்தான். பிறகு அந்தக் குரல்தான் தனக்கு இயற்கை என்று எல்லோரிடமும் சொல்லத் தொடங்கினான்.

அவர் வாசிப்பைப் பற்றி எழுத்தில் சொல்வது கஷ்டம். வேகம் காட்டமாட்டார். ஒரு சுரத்தைத் தொட்டு, கம்பியை விரலால் மேலே தள்ளி, அடுத்த சுரத்தின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்துவார். உள்ளே விடமாட்டார். அப்புறம் சாவகாசமாக இறக்குவார். “டெலிபோன்ல லைன் கிடைக்கிறதுக்கு மின்னாடி ஜனங்க மூச்சு விடுவாங்க பாரு, அது மாதிரி” என்று ஒருதடவை சொன்னார்.

பயிற்சி தங்கள் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது அவருடைய அம்மாவின் நிபந்தனை. எங்களுக்கு அது சௌகரியம், டீ கிடைத்தது. ஆடிக்காற்றில், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து பறந்துவரும் வெள்ளைத் தூசி கித்தார்மேல் படியும். பாட்டுக்குப் பாட்டு துடைக்க வேண்டும். அவருடைய அப்பா கன்னியப்பன் பூமிக்கடியில் பாறை துளைக்கும் மெஷின் பிடித்தவர். அந்த மெஷின் அவருடைய காதைத் தின்றிருந்தது. கத்திப் பேசினால் பாதி புரியும். பறவைச் சத்தம், அழைப்பு மணி, மகளின் கித்தார் ஒன்றும் எட்டாது. ஆனால் என் பேஸ் மாதிரி கனத்த சத்தங்கள் மட்டும் எப்படியோ போய்ச் சேரும். ஆம்ப்ளிஃபயர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மோடாவில் உட்கார்ந்திருப்பார். பயிற்சி முடிந்ததும் நேராக என்னிடம் வருவார்.

“நீதாம்பா நல்லா வாசிக்கிற. எம் பொண்ணு சும்மா வெரலு ஆட்டிக்கினு கீது.”

வாழ்க்கையில் என் பேஸ் வாசிப்பைப் பாராட்டிய ஒரே மனிதர் அவர். மறுக்க வாயைத் திறப்பேன். மல்லிகாக்கா கண்ணால் தடுப்பார். “வுடு. நைனா சந்தோஷமா கீறாரு.” சிரித்தபடிதான் சொல்வார். ஆனால் அந்த நேரங்களில் கித்தாரை உறையில் போட அவருக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடிக்கும்.

அடுத்த வருஷம் பெங்களூரில் ஒரு கல்லூரியில் ராக் போட்டி. காலை ரயிலில் போனோம். மற்ற குழுக்களில் முடி வளர்த்த பையன்கள். கித்தார்களெல்லாம் கண்ணாடிபோல் பளபளத்தன. மல்லிகாக்கா காட்டன் புடவையில், மோர் மிளகாய் டப்பாவோடு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருவன் அவரை டெரிக்கின் மனைவி என்று நினைத்து நாற்காலி போட்டான். எங்கள் முறை வந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் அவர் தனியாக வாசித்தபோது, மேடைக்குப் பக்கத்தில் தங்கள் கித்தாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்த பையன்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்ததைப் பார்த்தேன். அதற்குமேல் என்ன பாராட்டு வேண்டும்.

வேண்டியிருந்தது போலிருக்கிறது. சிறந்த கித்தார் பரிசு ஒரு முடி வளர்த்த பையனுக்குப் போனது. நன்றாகவே வாசித்தான். அப்புறம், விழாவுக்கு வந்த ஒரே பெண் கலைஞருக்குச் சிறப்புப் பரிசு என்று அறிவித்து மல்லிகாக்காவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கொடுத்தது ஒரு இஸ்திரிப் பெட்டி. கூட்டம் கை தட்டியது. அவரும் வணக்கம் சொல்லி வாங்கிக்கொண்டார்.

திரும்புகிற ரயிலில் பெட்டி அவர் மடியில் இருந்தது. மாலூர் தாண்டியதும் கேட்டார்.

“நான் எங்கனா தப்பு வாசிச்சேனா?”

“இல்லக்கா. ஒரு இடத்துலகூட இல்ல.”

“அப்ப சரி” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தப்பு இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்குமோ என்று எனக்குப் பின்னால் தோன்றியதுண்டு.

அந்தப் போட்டியைப் பார்க்க வந்திருந்த ஒருவர் பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலில் குழு வைத்திருந்தார். மல்லிகாக்காவைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். தினமும் சாயங்காலம் வாசிக்க வேண்டும், தங்க இடம் தருகிறோம் என்றார். அம்மா அழுதார், அண்ணன் குதித்தான். மல்லிகாக்கா எக்ஸ்சேஞ்சில் நீண்ட விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார். மாரிகுப்பம் ஸ்டேஷனில் நாங்கள் மூன்று பேரும் வழியனுப்பினோம். டெரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி மேன் என்றான்.

சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டார். நடந்ததை எங்களிடம் கோபமில்லாமல்தான் சொன்னார். ஜிகினா வைத்த சட்டையைக் கொடுத்து முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். கையில் கித்தார் இருக்கும். தாளத்துக்கு மெல்லத் தட்டிக்கொண்டிருந்தால் போதும். லீட் வாசிப்பது குழுத் தலைவர். ஒருநாள் தலைவருக்குக் காய்ச்சல். அன்றைக்கு இவர் வாசித்திருக்கிறார்.

“சாப்புட்டுக்கினு இருந்தவங்கல்லாம் ஸ்பூன கீழ வச்சிட்டாங்கப்பா. எனக்கு ரொம்ப சந்தோஷம். மறாநாள் மேனேஜரு கூப்ட்டு, ஜனங்க இங்க சாப்புடத்தான் வராங்க, கேக்க வரலன்னாரு. நான் வந்துட்டேன்.”

அவ்வளவுதான். மறுநாள் எக்ஸ்சேஞ்சில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வியாழக்கிழமை பயிற்சிக்கு நாங்கள் போனபோது டீ தயாராக இருந்தது. அதற்குப்பின் எங்கள் எல்லை பக்கத்து ஊரான பேத்தமங்களாவைத் தாண்டவில்லை. கிறிஸ்துமஸ் விழா, கிளப் ஆண்டுவிழா, கல்யாண வரவேற்பு. சாப்பாட்டு நேரத்தில் வாசிக்க மட்டும் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார்.

தொண்ணூறுகளின் கடைசியில் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு, பேச்சாக இல்லாமல் ஆகிக்கொண்டிருந்தது. டெரிக் தன் சொந்த அக்காவோடு ஆஸ்திரேலியா போய்விட்டான். ஆட்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் கேஜ் இறங்குவது குறைந்தது. எக்ஸ்சேஞ்சில் மணி அடிப்பதும் குறைந்தது. ஒரு மதியம் முழுக்க ஒரே ஒரு அழைப்பு வந்ததென்றும், அதுவும் தவறான எண் என்றும் மல்லிகாக்கா சொன்னார். இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்க ஷாஃப்டுக்கு எதிரே இருந்த மைதானத்தில் தொழிலாளர்கள் பந்தல் போட்டுத் தர்ணா உட்கார்ந்தார்கள். பேச்சாளர்களுக்கு நடுவில் ஏதாவது வாசியுங்கள் என்று எங்களைக் கூப்பிட்டார்கள். பாடகன் இல்லை. பால்ராஜ் ஒரே ஒரு டிரம்மோடு வந்தார். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில், வழக்கம்போல அதன்மேல் கை வைத்தபடி, கன்னியப்பன் தரையில் உட்கார்ந்திருந்தார்.

மல்லிகாக்கா தன் கித்தாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

“இன்னைக்கு ஒன்னுத எங்கைல குடு.”

“பேஸையா? எதுக்குக்கா?”

“நைனாவுக்கு என்னுது கேக்காது.”

கொடுத்தேன். என் நாலு கம்பியில் அவர் ஒரு மெதுவான ப்ளூஸ் வாசித்தார். அந்தக் கித்தாருக்குள் அப்படியொரு சத்தம் இருந்தது அதன் சொந்தக்காரனான எனக்குத் தெரியாது. அடித்தொண்டையில் யாரோ பேசத் தொடங்கி நிறுத்தி, மறுபடி பேசுவதுபோல. தடித்த கம்பியை வளைக்க அவருக்கு இரண்டு விரல் போதவில்லை, மூன்று விரலால் தள்ளினார். கன்னியப்பன் நிமிர்ந்தார். பழக்கத்தில் முதலில் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். என் கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. என் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார். அப்புறம் முடிகிறவரை கண்ணை எடுக்கவில்லை. பந்தலில் பேச்சு நின்றிருந்தது. பீடி பற்ற வைக்கப்போன ஒருவர் தீக்குச்சியைக் கையிலேயே வைத்திருந்தார்.

முடிந்ததும் கன்னியப்பன் மேடையோரம் வந்தார். காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில் கேட்டார்.

“மல்லிகா, இத்தினி வருசமா நீ இத்தத்தான் வாசிச்சிக்கினு இருந்தியா?”

“ஆமா நைனா.”

“இன்னொரு வாட்டி வாசி.”

அடுத்த பேச்சாளர் மைக்கைப் பிடித்துவிட்டிருந்தார். மல்லிகாக்கா அவரை இறக்கி உட்கார வைத்துவிட்டு, இன்னொரு வாட்டி வாசித்தார். யாரும் அதைப் பதிவு செய்யவில்லை. அங்கே டேப் ரெக்கார்டர் இருந்தது. பேச்சுகளுக்கென்று கேசட்டை மிச்சம் பிடித்தார்கள்.

சுரங்கம் மூடியது. எக்ஸ்சேஞ்ச் பலகையைக் கழற்றி எங்கோ கொண்டுபோனார்கள். மல்லிகாக்காவுக்கு ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேட்டர் வேலை கிடைத்து, அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கன்னியப்பன் அங்கேயே இறந்தார். பால்ராஜ் போய்ச் சேர்ந்தும் வருஷங்களாகிவிட்டன. ஒருமுறை தொலைபேசியில் இன்னும் வாசிக்கிறீர்களா என்று மல்லிகாக்காவைக் கேட்டேன். கம்பி அழுத்திக் காய்த்திருந்த விரல் நுனியெல்லாம் மெத்தென்று ஆகிவிட்டது என்றார். சலிப்பாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை.

அவர்கள் இருந்த லைனில் பாதி வீடுகளுக்குக் கூரையில்லை. தர்ணா பந்தல் போட்ட மைதானத்தில் இப்போது பெங்களூர் ரயிலுக்குப் போகிறவர்கள் வண்டிகளை நிறுத்துகிறார்கள். காலை இருட்டில் ஒவ்வொருவராக வந்து, ஸ்டாண்ட் போட்டு, பூட்டிவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஸ்டேஷனுக்கு ஓடுகிறோம். அந்த இடத்தில் அத்தனை பேர் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே ஒருத்தி வாசித்து முடிக்கும்வரை இருமாமல் காத்திருந்தார்கள் என்று சொன்னால் அங்கே வண்டி நிறுத்துகிற யாரும் நம்பமாட்டார்கள். நானும் அங்கேதான் நிறுத்துகிறேன்.